மணிக்கட்டில் ஒரு பிறை

இந்தப் பிறை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அழியாமல் இருக்கட்டும்.

மணிக்கட்டின் உட்பக்கம், நரம்புகளுக்கு மேல், நகமளவு நிலா. நீல விளக்கின் கீழ் மட்டும் ஒளிர்கிறது. கையை நகர்த்தினால் இல்லை. திரும்பக் கொண்டுவந்தால் இருக்கிறது.

அவன் மணிக்கட்டிலும் இதே பிறை. வாசலில் குத்திய ஒரே முத்திரை. ஒரே மை.

இப்படி நினைத்துக்கொண்டு தூணோரம் நின்றேன். ஆட வந்தவர்களுக்கு ஆட இடமில்லாத கூடத்தில்.

போன மழைக்காலத்தில் பிரிந்தோம். இந்த மழைக்காலத்தில் கூப்பிட்டான் பிரசன்னா.

"நித்தி, இன்னைக்கு வெளிய போலாமா? அந்தக் கறுப்பு டிரஸ் போட்டுட்டு வா."

அந்தக் கறுப்பு உடை. அவனுக்கு நினைவிருக்கிறது. எனக்கு அது போதுமாக இருந்தது. தலைக்குக் குளித்தேன். கூந்தல் காய்வதற்குள் கிளம்பிவிட்டேன்.

அந்தப் பெரிய ஹோட்டலின் பக்கவாட்டு வாசலில் தூறலில் நனைந்தபடி நாலைந்து இளைஞர்கள் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். கறுப்புச் சட்டை போட்ட பவுன்சர் அலுத்துப்போயிருந்தார்.

"தனியா வர்ற ஜென்ட்ஸ உள்ள விடறதில்ல தம்பி. ஜோடியா வாங்க. தங்கச்சியக் கூட்டிட்டு வந்து ஜோடின்னு சொல்லாதீங்க. நேத்து ஒருத்தன் அப்படித்தான், பேசும்போது அது 'அண்ணா'ன்னு கூப்பிட்டுடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரசன்னா என் கையைப் பிடித்தான். விரல்களுக்கு நடுவே விரல்கள்.

"நாங்க கப்பிள்தாண்ணா."

நாங்க. எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். கரைந்துவிடாமல் அதை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டேன்.

உள்ளே, கனமான திரையைத் தாண்டியதும் கை விலகியது. கூட்டம் பிரித்துவிட்டது என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன்.

அப்படிக் கூட்டம். கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு இடம்பிடித்து நிற்பார்களே, பாரின் முன் அப்படி நின்றார்கள். யாருடைய வியர்வையோ என் தோளில். யாருடைய கூந்தலோ என் வாயில். தாளம் காதில் கேட்கவில்லை, விலா எலும்பில் கேட்டது.

வருவான். தண்ணீர் வாங்கப் போயிருப்பான். வருவான்.

ஒருமுறை கூட்டம் விலகியது. மழைமேகம் விலகுவதுபோல, ஒரு கணம்.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கை இன்னொரு இடுப்பில். தாரிணி. கோடையிலிருந்து அவன் பகிரும் புகைப்படங்களிலெல்லாம் இருப்பவள். தோளிலிருந்து குறுக்கே ஒரு பட்டை, பிறந்தநாள் பட்டை. சுற்றிலும் அவளுடைய தோழிகள்.

அவள்தான் என்னைப் பார்த்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கட்டிக்கொண்டாள்.

"நித்திலாக்கா! இவன உள்ள கொண்டுவந்தது நீங்கதானாமே? நாங்க பொண்ணுங்க மட்டும் முன்னாடியே வந்துட்டோம், இவனுக்குத்தான் ஜோடி இல்லாம போச்சு. செம்ம ஸ்வீட்டுக்கா நீங்க!"

அவள் குரலில் விஷமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"ஹேப்பி பர்த்டே" என்றேன். என் உதடுகள் சொல்வதை நானே தூரத்திலிருந்து பார்த்தேன்.

என் கறுப்பு உடை. காயாத கூந்தல். நாக்கின் அடியில் வைத்திருந்த அந்தச் சொல். அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

வெளியே வர நெடுநேரம் ஆயிற்று. ஒவ்வொரு உடம்பாகக் கடந்து வந்தேன்.

வெளியே மழை வலுத்திருந்தது. வாசல் பந்தலின் விளிம்பில் பிரசன்னா. கையில் கேக் பெட்டி. எனக்கு முன்பே வெளியேறி, தெருமுனைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறான். தொப்பலாக நனைந்திருந்தான். பெட்டி மட்டும் நனையவில்லை. குழந்தையைப்போல் சட்டையோடு அணைத்திருந்தான். அவன் யாருக்காகவும் இப்படி நனைவான் என்று எனக்குத் தெரியாது.

பவுன்சர் சின்ன நீல விளக்கை அவன் மணிக்கட்டில் அடித்தார். வெறும் ஈரத் தோல்.

"முத்திரை இல்ல சார். உள்ள வேற நிக்க இடமில்ல. ஜோடி இல்லாம விட முடியாது."

அப்போதுதான் என்னைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. ஒரு வருடமாக நான் காத்திருந்த மலர்ச்சி.

"நித்தி! நல்லவேள. இவர்கிட்ட சொல்லேன். திரை வரைக்கும் கூட வா, போதும். அப்புறம் நீ கிளம்பிடு."

கை நீட்டினான். சற்று முன் பிடித்த அதே கை.

நீல விளக்கு என் பக்கம் திரும்பியது. மணிக்கட்டில் என் பிறை, முழுசாக, கொஞ்சமும் தேயாமல்.

"மேடம், சார் உங்க கூட வந்தவருதானே?"

நானும் கை நீட்டினேன். அவனிடமில்லை. பந்தலுக்கு வெளியே, மழைக்கு. கட்டைவிரலால் மெல்லத் தேய்த்தேன். நீல வெளிச்சத்தில் நிலா கரைந்து, உள்ளங்கை வழியே ஒழுகி, இல்லாமல் போனது.

"இல்லண்ணா," என்றேன். "நான் தனியாத்தான் வந்தேன்."