ஹரிகேனுக்குப் பொட்டு

அந்த வருஷ நவராத்திரிக்கு வைஜயந்தியின் கொலுவைப் பார்க்க வந்த பெண்களுக்கெல்லாம் ஒரே ஒரு பொம்மைதான் கண்ணில் பட்டது. பட்டதோடு விட்டார்களா? ஆளுக்கொரு குறை சொன்னார்கள். "என்னடி இது, சாணி கரைச்சுப் பூசினாப்பல?" என்றாள் சித்திரை வீதிக்காரி ஒருத்தி. "வார்னிஷ் தீர்ந்துபோச்சாக்கும்!" என்றாள் கூட வந்தவள். சுண்டலைக் கை நீட்டி வாங்கிக்கொண்டவர்களுக்கு வாயை மூடிக்கொண்டு போக மட்டும் தெரியவில்லை.

சாணியாம்! அந்தப் பச்சையும் அந்தப் பழுப்பும் சேர்வதற்குள் அவள் பட்ட பாடு அவளுக்கல்லவா தெரியும்.

அது ஹரிகேன் என்கிற சண்டை விமானம். அவள் புருஷன் சௌரிராஜன் பர்மா எல்லையில் ஓட்டிக்கொண்டிருந்தது அதைத்தான். ஆடி மாசம் லீவில் வந்தபோது வாசல் பக்கம் உட்கார்ந்து மரத்தில் செதுக்கினான். நிஜ விமானத்தில் ஓர் அடி என்றால் இதில் கால் அங்குலம். இறக்கை விரித்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட வரும். வண்ணம் பூசுவதற்குள் லீவு முடிந்துவிட்டது. "நீ பூசி கொலுவில வை. ஆனா நான் சொல்றபடிதான் பூசணும்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினான்.

மேலே பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாக, காடும் மண்ணுமாக இருக்க வேண்டும். வயிற்றுப் பக்கம் வெளிறின வானத்து நிறம். மினுமினுப்பு கூடவே கூடாது. வெயில் பட்டுப் பளிச்சிட்டால் எதிரி கண்டுகொள்வான். பாலக்கரையில் போர்டு எழுதுகிற தைரியராஜிடம் பெயின்ட் வாங்கியபோது, எண்ணெயைக் குறைத்து டர்ப்பன்டைனைக் கூட்டினால் பளபளப்பு செத்துவிடும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். நாலு தடவை பூசி, நாலு தடவையும் சுரண்டி, ஐந்தாம் தடவைதான் அவளுக்குத் திருப்தி வந்தது.

எல்லாவற்றையும்விட அவன் அழுத்திச் சொன்னது இன்னொன்று. இறக்கையின் மேலும் கீழும், உடம்பின் இரண்டு பக்கமும் வட்டச் சின்னம் உண்டு. வெளியே நீல வளையம், நடுவில் வெள்ளை. சிவப்பு என்பது எங்கேயும் ஒரு சொட்டுக்கூட இருக்கக் கூடாது.

"முன்னெல்லாம் நடுவில சிவப்புதான் இருந்தது. இப்போ இந்தப் பக்கத்து விமானம் அத்தனையிலயும் அழிச்சுட்டா" என்றான். ஏன் என்று கேட்டாள். சொன்னான். சொல்லி முடித்ததும், "அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து அந்தச் சமாசாரம் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

மற்றவர்கள் வாயை அவள் பொறுத்துக்கொண்டாள். வேதவதி அத்தையின் வாயைத்தான் பொறுக்க முடியவில்லை. வேதவதி மாமனாரின் தங்கை; அடுத்த தெருதான் என்றாலும் நவராத்திரி பூராவும் ஜாகை இங்கேதான். முதல் நாளே விமானத்தின் வாலைப் பார்த்தாள். அதில் வெள்ளையும் நீலமுமாகப் பட்டை. "நாமம் போட்டவா நடுவில சிவப்பா ஸ்ரீசூர்ணம் இட மறந்துட்டாளா?" என்று கேட்டு, தானே சிரித்துக்கொண்டாள்.

"அது நாமம் இல்லை அத்தை. விமானத்தோட அடையாளம். அதில சிவப்பு வரப்படாது."

"சிவப்பு வரப்படாதா? சிவப்புதாண்டி மங்களம்! ஆம்படையான் யுத்தத்தில இருக்கான், நீ என்னடான்னா வெள்ளையைப் பூசி வச்சிருக்கே."

பளிச்சென்று பதில் சொல்லியிருப்பாள். கொடுத்த வாக்கு தடுத்தது. மாமியார் கமலவல்லி பக்கத்திலேயே பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள்.

சரஸ்வதி பூஜை அன்று புஸ்தகம், கத்தரிக்கோல், அரிவாள்மணை, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டாயிற்று. வைஜயந்தி தளிகை உள்ளில் அக்காரவடிசல் கிளறிக்கொண்டிருந்தாள். நெய்க் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஹரிகேனில் கண்ணுக்குத் தெரிந்த வட்டங்கள் அத்தனையிலும் நட்டநடுவே குங்குமம். ரத்தச் சிவப்பாக, உருண்டையாக.

"பொட்டுக்குன்னே இடம் விட்டு வச்சாப்பல இருந்தது. தாயார் சன்னிதிக் குங்குமம்! எண்ணெயில குழைச்சு இட்டேன், உதிராது" என்றாள் வேதவதி, பெருமை பொங்க.

வைஜயந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யாரைக் கேட்டு? யாரைக் கேட்டு இதைத் தொட்டாள்? நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களை இந்த ஊரில் கேட்பாரே கிடையாதா? ஈரத் துணியை எடுத்துவந்து குங்குமத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஐயையோ! சுமங்கலிப் பொண்ணு தன் கையாலே குங்குமத்தை அழிக்கறாளே! இந்த அநியாயத்தைக் கேட்பார் இல்லையா? மன்னி, உங்க மாட்டுப்பொண்ணைப் பாருங்கோ! என் மருமானுக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"ஆகப்படாதுன்னுதான் அழிக்கறேன்!" வைஜயந்தியின் குரல் வாசல்வரை கேட்டது. "ஜப்பான்காரன் விமானத்தில என்ன இருக்கு தெரியுமா உங்களுக்கு? சிவப்பு வட்டம். தூரத்திலேர்ந்து பார்க்கறவாளுக்குச் சிவப்பு மட்டுந்தான் கண்ணில விழும். அதனாலதான் எல்லாத்திலயும் அழிச்சா. கிளமென்டுக்கு அப்படித்தானே ஆச்சு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கமலவல்லி கையிலிருந்த பூவைக் கீழே வைத்தாள். கிளமென்டை அவளுக்குத் தெரியாதா? சௌரியோடு காலேஜில் படித்த பாலக்கரைப் பையன். இரண்டு பேரும் ஒரே நாளில்தான் விமானப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். அவள் கையால் எத்தனை தடவை தட்டை வாங்கித் தின்றிருப்பான்! போன வருஷம் செத்துப்போனான்.

"அவனை ஜப்பான்காரன்னா சுட்டான்? சௌரி அப்படித்தானே சொன்னான்."

"இல்லைம்மா." இனி மறைத்து என்ன? "சண்டை முடிஞ்சு நல்லபடியா திரும்பி வந்துண்டிருந்தான். இறங்கப் போற நேரம். கீழே இருந்த நம்மவா, நடுவில இருந்த சிவப்பைப் பார்த்துட்டு, எதிரி விமானம்னு நினைச்சு..."

வேதவதி குங்குமக் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அது பெருமாளே நேரில் வந்தாலும் நடக்காத காரியம்.

கமலவல்லி எழுந்து வந்து விமானத்தைப் படியிலிருந்து எடுத்தாள். மேல் இறக்கையில் வைஜயந்தி துடைத்த இடம் இளஞ்சிவப்பாகத் திட்டுப் பாய்ந்திருந்தது. பளபளப்பான பூச்சாக இருந்தால் வழித்தெடுத்திருக்கலாம். இது எண்ணெய் செத்த பூச்சு. குங்குமத்தை உள்ளே குடித்துவிட்டது.

"சுடறவா கீழேர்ந்துதானே பார்ப்பா?" என்றாள் கமலவல்லி மெதுவாக.

"ஆமாம்மா."

விமானத்தைக் கவிழ்த்தாள். வெளிறின வயிற்றுப் பக்கம், இரண்டு இறக்கையிலும் இரண்டு பெரிய பொட்டு. அத்தை ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. கமலவல்லி மருமகள் கையிலிருந்த துணியைப் பிடுங்கித் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு பரவிற்றே தவிரப் போகவில்லை. "போகமாட்டேங்கறதேடி" என்றாள்.

வாசலில் வெற்றிலை பாக்குக்கு நாலைந்து பேர் வந்து நின்றார்கள். கமலவல்லி தலையை நிமிர்த்தவில்லை.

"வேதா, வந்தவாளை நீ கவனி. வைஜயந்தி, வெள்ளைப் பெயின்ட் மிச்சம் இருக்கா?"

"இருக்கும்மா."

"கொண்டு வா. பூஜை அப்புறம்."