சொல்லுக்கு முன்னே நாக்கு

“சூடான ‘ரீ’ன்னு போட்டிருக்கே, அது என்னாங்க பலகாரம்?”

“பலகாரமில்லை. தேத்தண்ணி. ரீ.”

“அது டீங்க. ‘ட’ போட்டு எழுதணும். இதை வாசிச்சா காதுக்குள்ள வண்டு புகுந்த மாதிரி இருக்கு.”

“உங்கடை ‘ட’வைப் போட்டுச் சொன்னா நாக்குச் சுளுக்கிப்போடும். வெள்ளைக்காரன் சொல்லுற சத்தத்துக்குக் கிட்ட நிக்கிறது எங்கடை எழுத்துத்தான்.”

“அப்படியா? நிரூபிங்க பார்ப்போம்.”

வெம்பிளியில் ஒரு தமிழ்க் கடை வாசலில், மழைக்கு ஒதுங்கி நின்ற இருவருக்குள் நடந்த பேச்சு இது. இரண்டு வருடமாகியும் அதில் ஒரு வார்த்தை மேனுஷாவுக்கு மறக்கவில்லை. கேலி செய்தவன் பவித்திரன். ஈப்போவிலிருந்து படிக்க வந்து, லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஒலியியல் ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு அமர்ந்துவிட்ட மலேசியத் தமிழன். மேனுஷா பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தாள். அடுத்த செப்டெம்பரில் ஒலியியல் மேற்படிப்பில் சேர்ந்தாள், அவன் வேலை பார்த்த அதே பல்கலைக்கழகத்தில். அது தற்செயல் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தாள்.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டதும் அந்த மழைநாள் சண்டையைத்தான். ‘டீ’யில் வரும் ஆங்கிலச் சத்தம் யாழ்ப்பாணத்தாருக்கு ‘ற்ற’ போலக் கேட்கும், அதனால்தான் அதை ‘ர’வோ ‘ற’வோ போட்டு எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்தார் ‘காற்று’ என்று சொல்லும்போது நாக்கு எங்கே படுகிறது, ஆங்கிலத்தில் ‘ரீ’ சொல்லும்போது எங்கே படுகிறது, இரண்டும் ஒரே இடமா? அல்ட்ராசவுண்ட் கருவியைத் தாடைக்குக் கீழே வைத்தால் நாக்கு அசைவது திரையில் தெரியும். இன்றைக்கு முதல் பதிவு. நாக்கைக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தவள் பெரியம்மாவின் மகள் றூபினி.

காலையில் றூபினி போனில் வந்தாள். “எனக்குக் காய்ச்சல். வர ஏலாது.”

பின்னால் யாரோ ஒருவர் சேலைக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

“காய்ச்சல்காரிக்கு அப்டன் பார்க் சீலைக்கடையிலை என்ன அலுவல்?”

“சீலை பாக்கிறன். உன்ரை கலியாணத்துக்கு.”

“விசரி!”

“இஞ்சை பார் மேனு. அந்த மனுசன் பினாங்குக்கு ஓம் எண்டு எழுதிப்போட்டா, பிறகு நீ எந்த மெஷினிலை ஆற்றை நாக்கைப் படம் எடுத்தும் என்ன பிரயோசனம்? என்ரை இடத்திலை நீயே போய் இரு. போகாதேங்கோ எண்டு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஏலாமல் வாயிலை என்ன, கொழுக்கட்டையே?”

மேனுஷா போனை வைத்தாள். பினாங்கில் ஒரு பல்கலைக்கழகம் புதிதாக ஆய்வுக்கூடம் தொடங்குகிறது. அதை நடத்தப் பவித்திரனைக் கூப்பிட்டிருந்தது. இன்று இரவுக்குள் அவன் பதில் எழுத வேண்டும். போன வாரம் அவனே அவளிடம், “போகட்டுமா, வேணாமா?” என்று கேட்டான். கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளோ, “நல்ல வேலைதானே” என்று சொல்லிவைத்தாள். அன்று வெம்பிளி வரைக்கும் ரயிலில் தன்னைத் தானே திட்டிக்கொண்டு போனாள். தன் நாடும் பெரிய பதவியும் சேர்ந்து கூப்பிடும் ஒருவனை, எனக்காகப் போகாதே என்று எந்த உரிமையில் கேட்பது? அவன் ஒரு நாளும் தன் மனதைத் திறந்து சொன்னதில்லை. அவளும்தான்.

புறப்படும்போது அம்மா வசந்தமலர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “எங்கை பிள்ளை வெள்ளனவே?”

“இண்டைக்கு எனக்குத்தான் ஸ்கான் அம்மா.”

“ஸ்கானோ?” அம்மாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. “கலியாணம் முடிக்காத பிள்ளைக்கு என்னடி ஸ்கான்?”

“நாக்குக்கம்மா, நாக்குக்கு!”

ஆய்வுக்கூடம் நிலத்தடித் தளத்தில், சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறை. பவித்திரன் அவள் தலையில் ஒரு கவசத்தை மாட்டி, கருவியைத் தாடைக்கு அடியில் பொருத்தினான். தடவிய களிம்பு ஐஸ் போலக் குளிர்ந்தது.

“கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும். மூச்சு விட மறந்துடாதீங்க.”

“என்ரை இந்தக் கோலத்தைப் படம் பிடிச்சு அனுப்பினா றூபினிக்குக் காய்ச்சல் பறந்திடும்.”

திரையில் சாம்பல் மூட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் கோடு மீன் முதுகு போல நெளிந்தது. இருபத்தொன்பது வருடமாகத் தன் வாய்க்குள் குடியிருக்கும் நாக்கை அவள் முதன்முதலாக நேரில் பார்த்தாள். உடம்பெல்லாம் ஒரு குதூகலம் ஏறியது.

“பத்து,” என்றாள். நாக்கு மேற்பல்லின் பின்புறத்தைத் தொட்டது.

“பட்டு.” நுனி மேல் நோக்கி வளைந்து அண்ணத்துக்குப் போனது.

“பற்று.” இரண்டுக்கும் நடுவில், பல்லுக்குப் பின்னாலிருக்கும் ஈறு மேட்டில் போய் அமர்ந்தது.

“நான் ‘பற்று’ சொன்னா அதுல ஒரு ‘ர்’ உருளும். உங்களுக்கு மட்டும் அது எங்க போச்சு?”

“யாழ்ப்பாணத்திலை நாங்கள் ஒண்டையும் வீணாக்கிறேல்லை.”

“சரிங்க சிக்கனக்காரம்மா, இப்ப இங்கிலீஷ். ‘பட்’ சொல்லுங்க. லண்டன் பசங்க மாதிரி கடைசிச் சத்தத்தைத் தொண்டையிலயே முழுங்கிடாதீங்க.”

“பற்,” என்றாள். வேண்டுமென்றேதான். பிறகு ஆங்கிலேயர் சொல்வது போலவே நிறுத்தி, தெளிவாக, பலமுறை சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் நடுவே சில நொடி மௌனம். அந்த மௌனத்தில் பவித்திரனின் குனிந்த தலையும், காதோரம் ஒட்டிக்கிடந்த களிம்பும் அவள் கண்ணில் பட்டன. இன்று இரவுக்குள், இன்று இரவுக்குள் என்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது.

அவன் கோடுகளுக்கு நிறம் கொடுத்தான். ‘பட்டு’ நீலம். ‘பற்று’ சிவப்பு. ஆங்கிலச் சொல் மஞ்சள். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். நுனி தாடை எலும்பின் நிழலில் கொஞ்சம் மங்கியிருந்தது. ஆனாலும் நீலக்கோடு தனியே விலகி நிற்க, மஞ்சள் கோடு போய்ச் சிவப்பின் மேல் படுத்துக்கொண்டதை இருவரும் பார்த்தார்கள்.

“இருங்க, இருங்க. அடுத்ததைப் போடுறேன்.”

அதுவும் சிவப்பின் மேல்.

“இன்னொண்டு! இன்னொண்டு போடுங்கோ!”

அதுவும்தான். பவித்திரன் மேசையில் ஓங்கித் தட்டினான். “அடி சக்கை! ‘ரீ’ ஜெயிச்சிடுச்சு!”

“நான் சொன்னனான்! சொன்னனானோ இல்லையோ?” கவசத்தோடு குதிக்க முடியாமல் நாற்காலியில் இருந்தபடியே கால்களை உதைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

“ரொம்ப ஆடாதீங்க. ஒரே ஒரு நாக்கை வெச்சு ஊரை நம்ப வைக்க முடியாது. இன்னும் எத்தனையோ பேரை எடுக்கணும்.”

“ஆர் எடுத்துத் தாறது?” வாய் தவறி வந்துவிட்டது.

பவித்திரன் திரைப் பக்கம் திரும்பி, செய்வதற்கு ஏதாவது வேண்டுமே என்பது போல, பதிவை முதலிலிருந்து மெதுவாக ஓட்டினான். ஓரிடத்தில் நிறுத்தினான். பின்னால் போனான். மறுபடி ஓட்டினான்.

“இது என்னா?”

“எது?”

“நீங்க பேசாம இருந்த இடம். நாக்கு சும்மா படுத்திருக்கணும். ஆனா பாருங்க, மேல ஏறுது. முன்னாடி போய் ஒட்டிக்குது. அப்புறம் இறங்கிடுது. இங்கயும். இதோ, இங்கயும்.”

மேனுஷாவுக்குக் காது சூடேறியது. சத்தம் பிறப்பதற்கு முன்பே நாக்கு தன் இடத்துக்குப் போய்க் காத்திருக்கும். அதை வகுப்பில் படித்திருந்தாள், பரீட்சையிலும் எழுதியிருந்தாள். தன் நாக்கே தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

“எச்சில் விழுங்கினனான்,” என்றாள்.

“விழுங்கினா நாக்கு அலை மாதிரிப் பின்னாடி உருளும். என்கிட்டயேவா?” அவன் திரைக்கு இன்னும் கிட்டப் போனான். “நுனி ஒட்டியிருக்கு, நடு நாக்கு ஒசந்திருக்கு. தி... இல்லாட்டி நி... ஏதோ ஒரு சொல்லு. ஒவ்வொரு தடவையும் அதே சொல்லு. சொல்ல வந்து சொல்லாம விட்டிருக்கீங்க.” பதிவை மூடித் திரையை மறுபடி நேரடிப் படத்துக்கு மாற்றிவிட்டு, நாற்காலியைத் திருப்பி அவளுக்கு நேரே உட்கார்ந்தான். இப்போது அவன் முகத்தில் கேலி இல்லை. போன வாரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தானே, அதே பார்வை. “என்னா சொல்லு அது, மேனுஷா?”

அவன் தோளுக்கு மேலே, திரையில், வெள்ளைக் கோடு மறுபடியும் மெல்ல எழுந்து முன்னால் போவதை அவள் பார்த்தாள். இந்த முறை அதைக் கீழே இறக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“நில்லுங்கோ,” என்றாள்.

பவித்திரன் சட்டென்று எழுந்து நின்றான். சக்கர நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோதியது. தலைமை ஆசிரியர் முன்னால் நிற்கும் பையனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டான்.

“நின்னுட்டேன். சொல்லுங்க.”

மேனுஷாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவனுடைய தமிழில் நிற்பதற்குக் கால் மட்டும் போதும். அவளுடைய தமிழில் ஓரிடத்தில் தங்கிவிடுவதற்கும் அதே சொல்தான். அவள் சிரிக்கச் சிரிக்கக் கவசம் குலுங்கி, திரையில் வெள்ளைக் கோடு துள்ளியது. சிரிப்போடு சிரிப்பாகப் பயமும் எங்கோ போய்விட்டது.

“ஐயோ, எழும்பச் சொல்லேல்லை! பினாங்குக்குப் போகாதேங்கோ, பவித்திரன். இஞ்சை நில்லுங்கோ. என்னோடை நில்லுங்கோ.”