காய்ந்த கல்

எங்கள் வீட்டில் இரவு பகலாகக் கல் உருளும். அதைச் சத்தம் என்று சொல்பவர்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள். துணி துவைக்கும் இடத்தின் மூலையில், பழைய மெத்தைத் துண்டின் மேல் ஒரு சின்ன மோட்டார். அது சுழற்றும் இரண்டு கம்பிகளின் மேல் படுத்தபடி சுற்றும் ஒரு ரப்பர் டப்பா. டப்பாவுக்குள் கல்லும் தண்ணீரும் அரைக்கிற பொடியும். அதுதான் என் சொத்து. அதை யாருக்கும் எழுதி வைக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். நான் மடித்து அடுக்குகிற விரிப்பு மறுநாளே கறையோடு திரும்பி வரும். அதில் எனக்கு வருத்தமில்லை, விரிப்பு அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மனுஷி கைப்பட்ட காரியம் ஏதாவது ஒன்று, செய்தது செய்தபடியே நிற்க வேண்டும் என்று ஆசை இருக்காதா? எனக்கு இருந்தது. கல் அப்படி நிற்கும்.

கடையில் விற்கிற கலர்க் கல் எனக்கு வேண்டாம். சாலை போடக் கொட்டிய ஜல்லி, பேருந்து நிறுத்தத்தில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம், கட்டடம் எழும்புகிற இடத்து மண்மேடு, இவையெல்லாம் என் சுரங்கங்கள். குனிந்து ஒன்றை எடுத்து, விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பேன். பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து நிற்பார்கள். நிற்கட்டும். ஈரம் பட்டதும் உள்ளே இருக்கும் நிறம் சட்டென்று மேலே வந்து எட்டிப் பார்க்கும். சாம்பல் கருப்பாகும், மங்கல் சிவப்பாகும். ஈரம் காய்ந்ததும் கல் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

என் வேலையே அந்த நிறத்தைத் தண்ணீர் இல்லாமல் நிற்க வைப்பதுதான். முதலில் கரடான பொடி, பிறகு அதைவிட நைசானது, பிறகு இன்னும் நைசானது, கடைசியில் மாவு போன்ற மெருகுப் பொடி. ஒவ்வொன்றிலும் வாரக்கணக்கில் உருள வேண்டும். பொடி மாற்றும்போதெல்லாம் கல், டப்பா, மூடியின் பள்ளம் எல்லாவற்றையும் பல்துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவுவேன். மெருகுக்குத் தனி வாளி, தனித் துணி. காரணம் இதுதான்: மெருகு ஓடும்போது கரடான பருக்கை ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் போதும், மொத்தக் கல்லையும் கீறித் தள்ளிவிடும். கழுவிய சேற்றைக் குழாயில் ஊற்றவே கூடாது, உள்ளே இறுகிப்போகும். ஒரே ஒரு தடவை ஊற்றினேன். அந்தக் கதையை அண்ணி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

கல் பாஸா பெயிலா என்பதைக் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். ஜன்னல் சட்டம் அதில் கோணாமல் தெரிய வேண்டும். இல்லையென்றால் மறுபடி டப்பாவுக்குள். நான் ரொம்பக் கறார். இத்தனை காலத்தில் என் கையால் பாஸானது ஒரே ஒரு கல். கருங்கல் ஜல்லி, குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும். மற்றவையெல்லாம் அண்ணியின் பூந்தொட்டிகளில் மண்ணுக்குக் காவல் இருக்கின்றன. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஒன்றை அண்ணனுக்குக் கொடுத்தேன். அண்ணன் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு இருப்பது வாய் அல்ல, ஒலிபெருக்கி. கண்ணாடிக்கு முன்னால் சீப்புகளுக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவே கல்லை வைத்தான். அன்றிலிருந்து அவனிடம் தலையைக் கொடுத்தவர் எவரும் கல்லைக் கையில் வாங்காமல் எழுந்ததில்லை. பாதி மீசையோடு உட்கார்ந்திருக்கும் மனிதர் எங்கே ஓடுவார்? "என் தங்கச்சி செஞ்சது" என்று ஆரம்பித்துவிடுவான். நான் கடையைத் தாண்டிப் போனால் சோப்பு நுரை பூசிய முகங்களெல்லாம் திரும்பிப் பார்க்கும். தம்பட்டத்தை நிறுத்து என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

ஆனாலும் அந்தத் தம்பட்டம்தான் எனக்கு மேசை வாங்கிக் கொடுத்தது. ஊர் மன்றத்தில் வருஷத்துக்கு ஒரு முறை கைவேலைக் கண்காட்சி நடக்கும். கல் மெருகு போடுகிறவர்களுக்கென்று தனி வரிசையே உண்டு. போன வருஷம் வேடிக்கை பார்க்கப் போய், அண்ணனிடம் இரவல் வாங்கிய கல்லைப் பையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிவிட்டு, எடுத்துக் காட்டத் தைரியம் வராமல் திரும்பி வந்தேன். அதை நடத்துகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அம்மா. அவருடைய கணவர் அண்ணனிடம் முடிவெட்ட வந்தபோது கல்லைப் பார்த்துவிட்டு வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா ஆள் அனுப்பினார்: இந்த வருஷம் எனக்கு ஒரு மேசை உண்டு. சலவைக்கூடத்தில் அன்றைக்கு நான் தலைகால் புரியாமல் தலையணை உறைகளை விரிப்பு அடுக்கில் வைத்துவிட்டேன்.

மேசை நிறைய வைக்க வேண்டும் என்று ஒரு டப்பா முழுக்கப் போட்டேன். சிவப்பு, பழுப்பு, பச்சை ஓடிய சாம்பல் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் கழுவித் துடைத்து, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் பார்த்துக்கொண்டேன். மெருகுக் கட்டம் வந்தபோது அடிக்கடி திறந்து பார்க்காமல் கையைக் கட்டிப்போட்டுக்கொண்டேன். கண்காட்சிக்கு முந்தின வாரம் திறந்து, கழுவி, துணியில் பரப்பிக் காயவைத்தேன்.

காயக் காய ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். எல்லாவற்றின் மேலும் மயிரிழைக் கீறல்கள். ஜன்னல் வெளிச்சம் வழுக்கிப் போக வேண்டிய இடத்தில் சிக்கிச் சிக்கி நின்றது. ஒரு கல்கூடத் தப்பவில்லை. டப்பாவின் அடியைத் துடைத்த துணியை விரலால் தடவினேன். மாவுக்கு நடுவில் ஒரு பருக்கை நெருடியது. என் பொடிகளின் நிறம் எனக்குத் தெரியும். இது கறுப்பு, அண்ணன் கத்தரி தீட்டுகிற கல்லின் நிறம்.

கடைக்குப் போனேன். யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. பருக்கையை உள்ளங்கையில் நீட்டியதும் அண்ணன் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் டப்பாவைத் திறந்து சிவப்புக் கல் ஒன்றை எடுத்திருக்கிறான். பழைய கல்லையே எத்தனை நாள் காட்டுவது, புதுசு காட்டு என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்களாம். பகல் முழுக்கத் தீட்டுக்கல் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு, சாயங்காலம் நான் வருவதற்குள் திரும்ப உள்ளே போட்டு மூடிவிட்டான்.

"துடைச்சுத்தான் போட்டேன்" என்றான்.

"எதுல துடைச்ச?"

கட்டியிருந்த ஏப்ரனைக் குனிந்து பார்த்தான். தீட்டிய கத்தரியைத் துடைப்பதும் அதில்தான். அண்ணன் பேசாமல் நின்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்துவிட்டேன். திட்டியும் ஆத்திரம் அடங்கவில்லை.

மறுபடி அரைத்து மெருகேற்ற நேரம் கிடையாது. மேசையை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அண்ணி கீறல் விழுந்த கற்களை அள்ளி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டாள், மேலே தண்ணீரை ஊற்றினாள், என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. சிவப்பு சிவப்பாக, பச்சை பச்சையாக, நான் கனவில் கண்ட அத்தனையும் கிண்ணத்துக்குள் இருந்தது.

"இப்படியே வைச்சிடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள். அண்ணனும் கதவருகே நின்று மெல்லத் தலையாட்டினான். அந்த வரிசையில் பாதிப் பேர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித்தான் வைப்பார்கள், போன வருஷம் நானே பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது. தெருவில் எச்சில் தொட்டுப் பார்க்கிறபோதே கிடைக்கிற அழகு அது. இதற்கு எதற்கு நான் இத்தனை வாரம் கழுவினேன், இதற்கு எதற்கு மோட்டார்?

கிண்ணத்தை எடுத்துப் போய்த் தண்ணீரைக் கொட்டினேன். "கடைக் கல்லைக் கொண்டு வா" என்று அண்ணனிடம் சொன்னேன்.

"அது ஒண்ணுதானே இருக்கு?"

"ஒண்ணு போதும்."

கண்காட்சியன்று, எங்கள் சலவைக்கூடத்தில் கற்ற மடிப்பில் ஒரு வெள்ளை விரிப்பை மேசையில் விரித்தேன். மடிப்புக்கோடு ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருந்தது. நடுவில் அந்த ஜல்லிக்கல். வலப்பக்கத்து மேசையில் கிண்ணம் கிண்ணமாகக் கலர், இடப்பக்கத்தில் கலரோடு விளக்கும் சேர்ந்து ஜொலித்தது. நடுவில் என் மேசை காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது. பார்க்க வந்தவர்கள், நான் இன்னும் கடை விரிக்கவில்லை என்று நினைத்து நகர்ந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றேன்.

மூக்குக்கண்ணாடி அம்மா வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொன்று. என் மேசை முன் நின்றார். கல்லை எடுத்துத் தன் சேலைத் தலைப்பால் துடைக்கப் போனவர், நிறுத்தி, பையிலிருந்து மெல்லிய துணி ஒன்றை எடுத்துத் துடைத்தார். அதைப் பார்த்ததுமே அவர் வேலை தெரிந்தவர் என்று எனக்குப் புரிந்தது. பிறகு கல்லின் மேல் வாயால் ஊதி ஆவி படிய வைத்து, வெளிச்சத்தில் பிடித்தார். ஆவி ஓரத்திலிருந்து ஒரே சீராக விலகியது, வெள்ளைக் கோட்டின் மேல்கூட எங்கும் தங்கவில்லை. கீறல் இருந்தால் ஆவி அதில் சிக்கி நிற்கும். திருப்பி, அந்தப் பக்கமும் ஊதினார்.

"மத்தது எங்கேம்மா?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்து நின்றான். என்னை மீறி ஏதாவது கதை அளக்கப் போகிறான் என்று பகீரென்றது.

"மத்தது எல்லாத்தையும் கெடுத்தது நான்தாம்மா" என்றான். "கத்தரி தீட்டுற கல்லோட பருக்கை ஒண்ணு உள்ள போயிடுச்சு. ஒரே ஒரு பருக்கை. தண்ணியில போட்டு வைச்சா உங்களுக்கே தெரியாதுன்னு நானும் தலையாட்டினேன். மாட்டேன்னுட்டா."

அந்த அம்மா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்து மேசைக் கிண்ணங்கள் பக்கம் அவர் பார்வை போகவில்லை. அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை. கல்லை விரிப்பின் நடுவில், மடிப்புக்கோட்டின் மேலேயே சரியாக வைத்தார்.

"லென்ஸ் தேய்ச்சு எனக்குக் கையெல்லாம் காய்ப்பு. பருக்கைன்னா என்னன்னு எனக்குத் தெரியும்" என்றார். "அடுத்த வருஷமும் இந்த மேசை உனக்குத்தான். இது ஒண்ணோட வந்தாலும் சரி."

நான் சரி என்று தலையை ஆட்டினேன். அவர் நகர்ந்ததும் அண்ணி என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். ராத்திரியே டப்பாவில் பொடி போட்டு ஓட்டிவிடு, சத்தம் இல்லாமல் இந்த வாரம் முழுக்க ஒழுங்காகத் தூக்கமே வரவில்லை என்று என் காதில் முணுமுணுத்தாள்.

அதற்குப் பிறகு அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. மேசையைத் தாண்டிய ஒருவரையும் சும்மா விடவில்லை. வாங்க, இங்க வாங்க, இத்தனை கல்லையும் கெடுத்த ஆள் நான்தான் என்றுதான் பேச்சையே ஆரம்பித்தான். தான் செய்த தப்பை இவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரியும் மனிதனை நான் எங்கும் பார்த்ததில்லை. மத்தியானம் தாண்டியதும் மேசையைச் சுற்றிக் கூட்டம் நின்றது. கல் கைமாறிக் கைமாறிப் போனது. எல்லோரும் ஊதிப் பார்த்தார்கள்.

வயதான ஒருவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒண்ணுதானா என்று கேட்டார்.

"ஒண்ணுதாங்க" என்றான் அண்ணன். "ஆனா காஞ்ச கல்லு. என் தங்கச்சி செஞ்சது."

நிறுத்து என்று நான் சொல்லவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.