மாப்பிள்ளை வந்தால் ஓடும் டிவி

கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் டிவி டாக்டர். மாமியார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டால் வெறும் மாப்பிள்ளை. இருபத்திரண்டு வருடமாக யார் யார் வீட்டு டிவியோ அவர் கையில் பிழைத்து எழுந்தது. மாமியாரின் டிவி மட்டும் எதிர்த்தெரு மெக்கானிக்கிடம் போய்வந்துகொண்டிருந்தது. "சொந்தக்காரங்ககிட்ட வேல குடுத்தா சண்டையும் போட முடியாது, சும்மாவும் இருக்க முடியாது" என்பார் மாமியார். அது சாக்கு, தன் கைமேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். வெளியே சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் வலிக்கும்.

எதிர்த்தெருக்காரர் ஒரு வாரம் ஊரில் இல்லாத நேரம் பார்த்து டிவி படுத்துவிட்டது. பின்பக்கம் தொப்பை தள்ளிய பழைய பெட்டி. வேறு வழியில்லாமல் அது மாப்பிள்ளை கடைக்கு வந்தது.

"எங்கம்மா முதல் தடவையா உங்கள நம்பிக் குடுத்திருக்காங்க. சொதப்பி வெச்சிடாதீங்க" என்றாள் மனைவி.

மற்றவர் டிவி என்றால் அரை நாள் வேலை. இதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார். உப்பிப்போன கண்டென்சர்களை மாற்றி, பற்றவைப்பு விட்ட இடங்களிலெல்லாம் மறுபடி ஈயம் வைத்து, உள்ளே குடியிருந்த கரப்பான் குடும்பத்தைப் பேரன் பேத்தியோடு காலி பண்ணினார். கடையில் ஒரு முழுப் பகல் ஓடவிட்டுப் பார்த்தார். சமத்தாக ஓடியது.

மாமியார் வீட்டுக்குப் போன முதல் நாளே, முக்கால் மணி நேரத்தில் பொட்டென்று அணைந்தது.

மாப்பிள்ளை ஓடினார். போனதும் பின்மூடியைக் கழற்றினார். மீட்டரை வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். டிவியோ இரண்டு மணி நேரம் மூச்சுவிடாமல் ஓடியது. மூடியை மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ஃபோன் வந்துவிட்டது. மறுநாளும் இதே கதை. மூன்றாம் நாளும் இதே கதை.

"உங்களப் பாத்தா மட்டும் ஒழுங்கா ஓடுது மாப்பிள்ளை. பேசாம நீங்க இங்கயே தங்கிடுங்களேன்" என்றார் மாமியார். பிறகு குரலைத் தணித்து, "நாளைக்கு எதிர்த்தெருக்காரர் வந்துடறாராம். ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லியிருக்கேன். தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. தன் வேலையை அந்த ஆள் திறந்து பார்த்து, "யாரு கை வெச்சது?" என்று கேட்பான். மானம் கப்பலேறிவிடும். அதைவிட, மாமியார் இனி ஒரு பல்பைக்கூடத் தன்னிடம் தரமாட்டார்.

"அத்தை, இன்னிக்கு ஒரு நாள் குடுங்க. நான் எதையும் கழட்டப் போறதில்ல. சும்மா உக்காந்து உங்களோட சீரியல் பாக்கறேன்."

பார்த்தார். திரையில் ஒரு பெரியவர் உயிலைக் கையில் வைத்துக்கொண்டு படிக்காமலே நேரத்தைக் கடத்தினார். யார் யாருக்கு என்ன உறவு என்று மாமியார் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நாற்பத்தைந்தாவது நிமிடம் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்தார். டிவி அணைந்தது.

"பாத்தீங்களா!" என்றார் மாமியார், ஏதோ ஜெயித்துவிட்டவர் போல.

மாப்பிள்ளை எழுந்து பெட்டியின் முதுகில் கை வைத்தார். தோசைக்கல். கையை வெடுக்கென்று இழுத்தவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒருவேளை மறுபடி கரப்பான் ஏறி மாமியாரைப் பயமுறுத்திவிட்டால் என்று, கடையில் ஓடவிட்டுப் பார்த்து முடித்தபின், அனுப்புவதற்கு முன் மூடியின் காற்றுத் துவாரங்களுக்கு உள்பக்கமாகக் கருப்புத் துணி ஒட்டியிருந்தார். ஒரு மடிப்பு போதாதென்று இரண்டு மடிப்பு. பெட்டிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. அவர் வந்து மூடியைக் கழற்றினால் காற்று வாங்கிக்கொண்டு ஓடாமல் என்ன செய்யும்? தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில்கூட அவர் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை. வேறு யார் வீட்டு டிவிக்கும் செய்திருக்கவும் மாட்டார்.

பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து மூடியைக் கழற்றித் துணியைப் பிய்த்தார். மாமியார் நின்ற இடத்திலிருந்து எதுவும் தெரியாது. பைக்குள் திணித்துவிட்டு வாயில் நுழையாத ஒரு பார்ட்டின் பெயரைச் சொன்னால் போதும், கதை முடிந்தது. பாதித் துணி பைக்குள் போயும்விட்டது. அதற்குமேல் கை வரவில்லை. வெளியே எடுத்தார்.

"அத்தை, டிவி மேல தப்பில்ல. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். கரப்பான் ஏறக்கூடாதுன்னு துணி ஒட்டினேன். காத்து போகாம சூடாகி நின்னுருக்கு."

மாமியார் துணியை வாங்கி விரித்துப் பார்த்தார். ஓரங்கள் ஒழுங்காக மடித்துத் தைக்கப்பட்டிருந்தன.

"தெச்சது யாரு?"

"நான்தான்" என்று அசடு வழிந்தார் மாப்பிள்ளை. "உங்களுக்குக் கரப்பான்னா பயம்னு உங்க பொண்ணு சொன்னா."

மாமியார் மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். பிறகு ஃபோனை எடுத்து எண்ணைத் தட்டினார். முழுக் கதையும் மகள் காதுக்குப் போகப்போகிறது என்று மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"தம்பி, நாளைக்கு நீங்க வரவேணாம்பா" என்றார் மாமியார் ஃபோனில். எதிர்த்தெருக்காரர்! "டிவி நல்லா ஓடுது. எங்க மாப்பிள்ளை பாத்துட்டாரு... கோளாறா? அதெல்லாம் அவரு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே எவனோ செஞ்சு வெச்சதுப்பா. சொன்னா உங்களுக்கு வருத்தமா இருக்கும், விடுங்க."