இருநூற்று நாற்பது எழுத்துகள்

1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் பதினேழாம் தேதி வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, தாம்பரம் சானடோரியத்தில் இருந்த வால்வு தொழிற்சாலையில் முப்பத்தெட்டுப் பேர் இல்லாமல் போனார்கள். அன்று மழை இல்லை. கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில் நான்கு நிமிடம் தாமதம். போனவர்களில் ஒருவரைக்கூட யாரும் தேடவில்லை, ஏனென்றால் அப்படி ஓர் ஆள் இருந்தார் என்பதே யாருக்கும் நினைவில்லை. நினைவிருந்தது ஒருத்திக்குத்தான். பெயர் லோகநாயகி, இரண்டாம் மாடியில் கம்ப்யூட்டர் அறையில் வேலை. முப்பத்தெட்டுப் பேரையும் இல்லாமல் ஆக்கியவளும் அவள்தான்.

தொழிற்சாலைக்கு சர்வர் வந்தது 1993இல். சர்வர் என்றால் ஓட்டலில் இட்லி கொண்டுவருபவர்தானே, அவருக்கு எதற்கு ஏ.சி. என்று வாட்ச்மேன் துளசிங்கம் கேட்டதைக் கொஞ்ச நாள் எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள். தொழிலாளி வாசலில் அட்டையைத் தேய்த்தால், நம் ஆள்தானா என்று பார்த்து அது கதவைத் திறக்கும். அதற்காக ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வரிக் கட்டளை கொடுத்து வைக்க வேண்டும்: சேர், இன்ன பெயர், இன்ன எண், இன்ன வாசல், இன்ன ஷிப்ட். மேலாளர் ராஜாராமன் அறுநூற்றுப் பதினான்கு பேருக்கும் ஒவ்வொரு வரியாக அடிக்க ஆரம்பித்து மூன்றாம் நாளே விரல் வீங்கி உட்கார்ந்துவிட்டார். லோகநாயகி ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தாள். ஒரு கட்டத்தில் 'சேர்', அடுத்ததில் பெயர், அதற்கடுத்து எண், வாசல், ஷிப்ட் என்று பிரித்துப் போட்டு, கடைசிக் கட்டத்தில் அத்தனையையும் ஒட்டி ஒரே வரியாக்கும் சூத்திரத்தை எழுதி, அதைக் கீழே கடைசி ஆள் வரைக்கும் நகல் எடுத்தாள். டீ ஆறுவதற்குள் எல்லாக் கட்டளைகளும் தயார். அவற்றை ஒரு ஃபைலாக்கி சர்வருக்குள் அனுப்பினாள். ராஜாராமன் கை தட்டினார்.

சர்வர் சொன்ன பேச்சைக் கேட்டது. கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. இரண்டாம் வாசல் என்று எழுதப்பட்டவர்களால் முதல் வாசலுக்குள் காலெடுத்து வைக்க முடியவில்லை. "அக்கா, இன்னா எழுதி வச்சிகீறீங்க? கால் தரைலயே ஒட்டிகினு வரமாட்டேங்குதே!" என்று துளசிங்கம் மாடியேறி வந்து கேட்டார். இரவு ஷிப்ட் என்று எழுதப்பட்டவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகூடத் தூக்கம் வரவில்லை. நிர்வாகத்துக்கு இதெல்லாம் சௌகரியமாக இருந்ததால் யாரும் விசாரிக்கவில்லை.

தசரதன் விஷயத்தில்தான் லோகநாயகிக்குப் பயம் பிடித்தது. அவன் 1994இல் வேலையை விட்டுவிட்டுக் கோவளத்தில் மச்சானோடு படகில் போக ஆரம்பித்தான். ராஜாராமன் சொன்னபடி அவள் அவனுடைய வரியில் 'சேர்' என்பதை 'நீக்கு' என்று மாற்றி அனுப்பினாள். மறுநாள் அந்தப் படகு ஓர் ஆள் குறைவாகக் கரையேறியது. குறைந்ததாக யாருக்கும் தோன்றவில்லை. அவன் பெண்டாட்டி தனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்றாள். லோகநாயகி ராஜாராமனிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "தசரதனா? அப்படி ஒருத்தர் நம்மகிட்ட ஒர்க் பண்ணவே இல்லையே மேடம்" என்றார். பெயரை அடித்த விரலுக்கு மட்டும்தான் மறக்கவில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு வேலையை விட்டுப் போனவர்களுக்கு அவள் 'நிறுத்து' என்றுதான் எழுதினாள். அவர்களுக்கு ஒரு வாரம் வயிறு மந்தமானதோடு சரி.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி அவள் நீக்க நினைத்தது மனிதர்களை அல்ல. சோதனைக்காகப் போட்டு வைத்த முப்பத்தெட்டுப் பொய்ப் பெயர்கள் பட்டியலில் கிடந்தன. அவற்றுக்கு நேரே மட்டும் 'நீக்கு' என்று குறித்தாள். ராஜாராமன் எட்டிப் பார்த்து, "அகர வரிசையில இருந்தா நல்லா இருக்குமே மேடம்" என்றார். பெயர்கள் இருந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அவள் வரிசைப்படுத்தினாள். பெயர்கள் மேலும் கீழுமாக இடம் மாறின. பக்கத்து நெடுவரிசையில் இருந்த 'நீக்கு' இருந்த இடத்திலேயே இருந்தது. பொய்ப் பெயர்கள் தப்பித்தன, அவற்றின் இடத்துக்கு வந்து சேர்ந்த நிஜ ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். அவள் அதைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டுக் கீழே இறங்கினாள். ஸ்டோர்ஸில் வேலை பார்த்த அவள் கணவர் லக்ஷ்மிநாராயணன் தினமும் ஐந்தேகாலுக்கு ஸ்கூட்டரோடு வாசலில் நிற்பார். ஸ்கூட்டர் நின்றது. சீட்டில் தூசி படிந்திருந்தது.

"அது யார் வண்டின்னே தெர்லக்கா. ரொம்ப நாளா இங்கியேதான் கீது" என்றார் துளசிங்கம். லோகநாயகியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஆறு வருஷத் தாலிக்கொடி இருந்த இடத்தில் அது உரசிய தழும்பு மட்டும் இருந்தது. அஸ்தினாபுரத்து வீட்டில் ஒரே ஒரு தலையணை. பக்கத்து வீட்டு சாவித்ரி மாமி, நல்ல வரன் ஒன்று இருக்கிறது, ஜாதகம் கொடு என்று சிரித்தாள். லோகநாயகி கதவைச் சாத்திக்கொண்டு வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் பட்டியலைத் திறந்து, 'நீக்கு' யார் யாருக்கு நேரே நின்றிருக்கிறது என்று பார்த்தாள். அன்றிலிருந்து அந்தப் பட்டியல் இருந்த ஃபிளாப்பியை இடுப்பில் செருகிக்கொண்டே நடமாடினாள். அது கெட்டுப்போனால் அந்த மனுஷர் உலகத்தில் எங்குமே இல்லை என்ற பயம் அவளைச் சாப்பிட விடவில்லை.

முதலில் குன்றத்தூர் பொன்னுரங்கத்தைச் சேர்த்துப் பார்த்தாள். பெயர், எண், வாசல், ஷிப்ட். மறுநாள் காலை அவன் இரண்டாம் வாசல் வழியாக வந்து வேலை செய்தான். ஷிப்ட் முடிந்ததும் வாசலிலேயே நின்றான். மூன்று நாள் நின்றான், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "கண்ணு தொறந்துதான் கீதுக்கா, உள்ள ஆளில்ல" என்று துளசிங்கம் அவன் பக்கம் போகவே பயந்தார். வரியில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் ஆள் என்று லோகநாயகிக்குப் புரிந்தது. குன்றத்தூருக்குப் பஸ் ஏறினாள். மலையடி வீட்டில் இருந்த கங்கையம்மாள், "எனுக்கு ஏதும்மா ஆம்பளப் புள்ள? ரெண்டும் பொட்டச்சிங்கதான்" என்று சொல்லிக்கொண்டே, ஏன் எடுத்தோம் என்று தெரியாமல் நாலாவது தட்டையும் எடுத்து வைத்தாள். வாசலில் ஒன்பதாம் நம்பர் செருப்பு ஒன்று கிடந்தது. லோகநாயகி திரும்பி வந்து புதுக் கட்டங்கள் போட்டாள்: அம்மா கங்கையம்மாள், வீடு மலையடி, செருப்பு ஒன்பது. நிற்கிற உருவத்தை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தாள். அன்று சாயங்காலம் பொன்னுரங்கம் வீட்டுக்கு நடந்து போனான். "ஏன்டா இவ்ளோ லேட்டு?" என்று அம்மா திட்டினாள். அந்தத் திட்டில் மிச்சமெல்லாம் அவனுக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

மூன்று வாரத்தில் முப்பத்தேழு பேரையும் இப்படி வீடு வீடாகப் போய் விசாரித்துச் சேர்த்தாள். தசரதனையும் விடவில்லை. கோவளத்தில் ஒரு படகு ஓர் ஆள் கூடுதலாகக் கரையேறியது, அவன் பெண்டாட்டி மீன் கூடையை அவன் தலையில் வைத்து முன்னால் விரட்டிக்கொண்டு போனாள். எல்லோரும் முழுசாக வந்தார்கள். அவர்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம், வரிகளும் சின்னவை.

கை பழகட்டும் என்று கணவரைக் கடைசியில் வைத்திருந்தாள். அவருக்கு நான்கு நாள் எழுதினாள். இடது புருவத்தில் வெட்டு. கத்தரிக்காய் ஆகாது. டிக்கெட் கையில் இருந்தாலும் பரிசோதகரைப் பார்த்தால் வியர்க்கும். முன்பின் தெரியாதவர் கல்யாணத்திலும் தாலி கட்டும்போது கண் கலங்கும். தொண்ணூற்றொன்றில் மஞ்சள் காமாலை. வெளியே போகும்போது பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். இடி மின்னல் என்றால் பயம், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார். இப்படிக் கட்டம் கட்டமாக நீண்டது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிற வழக்கத்தில், எல்லாம் எழுதி முடித்த பிறகு கடைசிக் கட்டத்தில் தன்னை எழுதினாள்: மனைவி லோகநாயகி. திரையில் வரி முழுசாகத் தெரிந்தது. அனுப்பினாள்.

செப்டம்பர் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு மணி. தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. லக்ஷ்மிநாராயணன் செருப்பை விட்டார், கால் கழுவினார், உள்ளே வந்து அவளைப் பார்த்துத் தயங்கி நின்றார். "மன்னிக்கணும். இது என் வீடுதான். நீங்க யாருன்னு தெரியலையே?" என்றார்.

சர்வருக்குப் போகும் ஃபைலில் ஒரு வரிக்கு இருநூற்று நாற்பது எழுத்துக்கு மேல் நிற்காது. மிச்சத்தை அது சத்தமில்லாமல் வெட்டிவிடும். மறுநாள் ஃபைலைத் திறந்து பார்த்தாள். இடி மின்னல் பயத்தோடு வரி முடிந்திருந்தது. தான் யாரென்று அவரிடம் வாயால் சொல்லிப் பார்த்தால் ராத்திரி வரைக்கும் அவருக்கு நினைவிருக்கும், காலையில் வாசலில் அட்டை தேய்த்ததும் பழைய வரிதான் மறுபடி அவராகும். திருத்துவதற்கென்று கட்டளை கிடையாது. நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கலாம். ஆனால் அவள் உள்ளே வர வேண்டுமானால் வேறு ஏதாவது வெளியே போக வேண்டும். புருவ வெட்டா, பூட்டை இழுப்பதா, கண் கலங்குவதா? லோகநாயகி நாள் முழுக்க அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதை எடுத்தாலும் வருவது வேறு ஆள். அவள் ஓர் எழுத்தையும் தொடவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழையின் முதல் இடிக்கு லக்ஷ்மிநாராயணன் கூடத்திலிருந்து எழுந்து வந்து, யாரென்று சரியாகத் தெரியாத அந்தப் பெண்ணின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க பயந்துடப் போறீங்களேன்னுதான்" என்றார். இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். தினமும் ஆறு மணிக்கு அவர் வாசலில் தயங்கி நிற்பார். "லோகநாயகி. உங்க பொண்டாட்டி. உள்ள வாங்க" என்பாள் அவள். "அப்படிங்களா, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அவர் காபிக்கு உட்காருவார். அதைக் கேட்டுத்தான் சாவித்ரி மாமி விளக்கேற்றப் போவாள்.