புகை வராத வீடு

வண்டி சுரங்கப்பாதையை விட்டு வெளியே வந்ததும் பான்ஃபிலோ வலப்பக்கம் பார்த்தான். கொஞ்செத்தா வீட்டுப் புகையைக் காணோம்.

பனி தள்ளும் வண்டியின் முகப்புக் கூண்டில் அவனும் மேஸ்திரி பெரார்தினோவும் இருந்தார்கள். பின்னாலிருந்து இரண்டு நீராவி இன்ஜின்கள் முட்டித் தள்ள, முன்னால் ஆளுயரப் பனி பிளந்து ஒதுங்கியது. தண்டவாளத்தின் நடுவே இறங்கி ஐஸைச் சுரண்டும் அலகின் நெம்புகோல் பான்ஃபிலோவின் கையில். சாலை குறுக்கிடும் இடத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பதித்திருக்கும். அங்கே அலகைத் தூக்கியாக வேண்டும். தூக்கச் சொல்லும் கம்பம் பனிக்குள் போய் மூன்று நாளாகிறது. கம்பம் மறைந்த நாட்களில் கேட் காவல்காரி கொஞ்செத்தா வீட்டுப் புகைதான் கணக்கு. புகை தெரிந்ததும் பத்து எண்ணித் தூக்குவார்கள்.

போன வருஷம் பான்ஃபிலோ பன்னிரண்டு எண்ணிவிட்டான். பலகை பெயர்ந்து அலகும் உடைந்தது. இன்னொரு தடவை அப்படி ஆனால் மண்வெட்டி ஆட்களோடு போய்ச் சேர வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

"அண்ணே, புகை இல்லை. நிறுத்தச் சொல்றேன்."

"இதுல நின்னா பனி சிமெண்ட் மாதிரி பிடிச்சுக்கும்டா! பேசாம இப்பவே தூக்கிட்டுப் போ."

"இப்பவே தூக்கினா கேட்டுக்கு முன்னால இருக்கற வளைவுல ஐஸ் அப்படியே கிடக்கும். பின்னால வர்ற பயணி வண்டி தடம் புரண்டுடும்."

"போன வருஷம் பலகையை அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துட்டுப் போனியே, அப்ப எங்க போச்சு இந்த அக்கறை?"

இன்ஜின்களை நிறுத்தச் சொல்லி பான்ஃபிலோ ஊதல் கயிற்றை மூன்று முறை இழுத்தான். வண்டி முனகி நின்றது. பனி மிதியடியைக் கட்டிக்கொண்டு, கழியால் குத்திப் பார்த்தபடி பனிமேல் நடந்தான். பதினைந்தடிகூடப் போகவில்லை.

"கழியை எடுடா! கண்ணு போயிடும்!"

குழிக்குள் மண்வெட்டியோடு கொஞ்செத்தா நின்றாள்.

"அக்கா! இங்க என்ன பண்றீங்க?"

"கம்பத்தைத் தோண்டுறேன். பனி விழுந்து புகைபோக்கி அடைச்சுக்கிச்சு, வீடெல்லாம் புகை. அடுப்பை அணைச்சுட்டேன். புகை இருந்தப்பவே உனக்கு எண்ணத் தெரியலையே, இல்லாம எப்படி எண்ணுவே?"

"ஊதினது கேக்கலையா?"

"இந்தக் காத்துல என் குரலே எனக்குக் கேக்கலை."

இருவரும் திரும்பி, குழிக்குப் பக்கத்திலேயே நின்ற வண்டியின் மூக்கைப் பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் முன்னாலயே நிறுத்தியிருக்கலாம்" என்றாள்.

பெரார்தினோ சொன்னபடியே பனி பிடித்துக்கொண்டது. பின்வாங்கி, மோதி, மறுபடி பின்வாங்கி, நாற்பது நிமிஷம் போயிற்று. கம்பத்தடியில் பான்ஃபிலோ அலகைத் தூக்கினான். அடியில் பலகை உரசும் சத்தமே இல்லை. புகைபோக்கியைக் குத்த அவன் கழியை அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

பெரார்தினோ பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு நோட்டை விரித்தார்.

"அலகு சேதமில்லை, பலகை சேதமில்லை... வேற என்னடா?"

"காவல்காரியும்தான், அண்ணே."

"அதை எழுதினா ஏன்னு கேப்பாங்க." நோட்டை மூடினார். "நாளைக்கும் நீயே நெம்புகோலைப் பிடி. பத்து வரைக்கும் ஒழுங்கா எண்ணிப் பழகு."