கருங்குங்கிலியத்தில் கட்டிய முடிச்சு

மூங்கில்துறைப்பட்டில் பதினைந்து நாள் கரும்பு வெட்டிவிட்டுப் பேருந்தில் மலையேறிய பொன்னாயி, வளைவு திரும்பியதும் ஓடைப் பள்ளத்தைப் பார்த்தாள். மற்ற மரங்களுக்கெல்லாம் மேலே தலை நீட்டி நிற்கும் கருங்குங்கிலியம், இந்த மாசியில் இரத்தச் சிவப்பாகத் தளிர்த்திருக்க வேண்டும். சிவப்பைக் காணவில்லை. புகைதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேரே பள்ளத்தில் இறங்கினாள். வெயில் புகாத அந்தச் சோலையில் எப்போதும் ஈர மண்தான் மணக்கும். இன்று தூபம் போட்டதுபோல் மணந்தது. அவளுடைய கொழுந்தன் தர்மன், அடிமரத்தைச் சுற்றிப் பட்டையைச் செதுக்கிச் சுள்ளி அடுக்கித் தீ மூட்டியிருந்தான். கருகிய காயங்களில் பிசின் கறுப்பாக வழிந்தது.

குங்கிலியப் பிசின் எடுக்கும் அந்த மலையூராரிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் புல் முடிச்சுக் கட்டிய மரத்தைப் பிறர் தொடமாட்டார்கள். கட்டியவரும் பட்டையில் உள்ளங்கை அகலம் மட்டுமே கொத்துவார். அது ஆறிய பின்புதான் அடுத்தது. அம்மரத்தில் இருந்தது பொன்னாயியின் முடிச்சு. பார்த்துக்கொள்ளும்படி தர்மனிடம் சொல்லிப் போனவளும் அவளே. அந்த நினைப்பு அவள் கோபத்தை இரட்டிப்பாக்கியது.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க?"

"கோவப்படாதீங்க அண்ணி. நெருப்பு வெச்சா ஜாஸ்தி வடியும்னு சங்கராபுரத்து யேவாரி சொன்னாருங்க. நம்ம முடிச்சுதானே?"

"உன் காலச் சுத்தித் தோல உரிச்சு நெருப்பு வெக்கிறேன். நீயும் ஜாஸ்தி வடி, பாக்கலாம்!"

சுள்ளிகளை உதைத்துச் சிதறடித்தாள். பிசின் நிறைந்த தகர டப்பாவைத் தலைகீழாகத் தட்டினாள்.

"ஐயோ, பத்து நாளா வடிச்சதுங்க!"

"காலி டப்பாலதான்டா தண்ணி மொள்ள முடியும்."

ஓடைக்கும் மரத்துக்குமாக நடந்து நெருப்பை அணைத்தாள். பின்பு அவனைக் கரைமண் தோண்ட வைத்துக் காயங்களில் அப்பினாள். வடக்குப் பக்கம் ஒரு சாண் பட்டை மட்டும் கருகாமல் இருந்தது. மரத்துக்கு மிச்சம் இருந்த உயிர் அவ்வளவுதான்.

பொன்னாயி தன் முடிச்சை அவிழ்த்தாள்.

"எனக்கு வுட்டுத் தர்றீங்களா?" என்றான் தர்மன், சற்றே முகம் மலர்ந்து.

அவள் அதே இடத்தில் இரட்டை முடிச்சாகப் போட்டு இறுக்கினாள். இரட்டை முடிச்சு விழுந்த மரத்தைக் கட்டியவரும் கொத்தக்கூடாது.

"உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. செவப்பு வர்ற வரைக்கும் தெனம் நீதான் தண்ணி சொமக்கணும்."

"வரலன்னா அண்ணி?"

பொன்னாயி அண்ணாந்து பார்த்தாள். உச்சிக்கிளைகள் மொட்டையாக நின்றன. குனிந்து, டப்பாவை அவன் காலடியில் வீசினாள்.

"போய் மொண்டுகினு வாடா."